நாற்பத்தொன்றாம் அட்டை

ரீட்டாம்மா,

இந்தப் பையில் கடிதத்தோடு ஓர் அட்டையும் இருக்கும். ஆப்பிள் பெட்டியிலிருந்து வெட்டிய பழுப்பு அட்டை. நடுவில் கருஞ்சிவப்பாக ஓர் எண்ணெய்க் கறை, அதைச் சுற்றிப் பென்சில் கோடு, ஓரத்தில் என் கையெழுத்தில் 41 என்ற எண். குப்பை தவறி வந்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதே. முதலில் கடிதத்தைப் படி. இதை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். தபாலில் அனுப்பலாம் என்றால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுவேன் என்று உன் அம்மாவுக்குத் தெரியும். அதனால் அவளே பெல்லந்தூருக்குக் கொண்டுவருகிறாள். புடவை மாற்றிக்கொண்டு தயாராகிவிட்டாள். பதினொரு மணி பஸ்ஸுக்குள் நான் எழுதி முடிக்க வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன் நீ போன் செய்தாய். அத்திபெலே பள்ளிக்கூடத்தில் தொடக்கப் பிரிவுக்குத் தலைமை ஆசிரியையாக உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய். நான் சந்தோஷத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “வேணாம்னு எழுதிடப் போறேன்பா” என்றாய். சர்ஜாபுரா வழியாக இரண்டு பஸ் மாறிப் போனால் குழந்தையைக் காப்பகத்திலிருந்து கூட்டிவரும் நேரத்துக்குத் திரும்ப முடியாது, கார் இருந்தால் முடியும் என்று நீயே சொன்னாய். “நம்ம வண்டிதான் இங்க சும்மா நிக்குதே” என்றேன். “எனக்குக் கை சரியில்லப்பா. ஓட்ட வராது. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சே” என்றாய். வருகிற திங்கட்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்றைக்கு வியாழன். அதனால்தான் இந்த அவசரம்.

உன் கை சரியாகத்தான் இருந்தது. அன்று ஸ்டியரிங் திரும்பவில்லை. நீ சொன்னது உண்மை. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

எழுதிவிட்டேன். இனி மற்றதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொல்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. நம் வண்டியில் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்ப உதவுவது எண்ணெய். ஒரு சின்ன பம்ப் அந்த எண்ணெயை அழுத்தி, ஒரு குழாய் வழியாகச் சக்கரங்களைத் திருப்பும் இடத்துக்கு அனுப்புகிறது. இன்னொரு குழாய் அதைத் தொட்டிக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. நீங்கள் நம் வீட்டு மாடியில் குடியிருந்தபோது, ஒரு நாள் காலையில் வண்டிக்குக் கீழே தரையில் ரூபாய் நாணய அளவுக்குச் சிவப்பாக ஒரு சொட்டு பார்த்தேன். கடை வீதியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் எட்டிக்கூடப் பார்க்காமல், “மொத்த செட்டும் மாத்தணும் சார்” என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. மாப்பிள்ளை ஏற்கெனவே, “மாமா, இதக் குடுத்துட்டு வேற வாங்கலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒழுகுகிறது என்று தெரிந்தால் வண்டி போய்விடும். வண்டி போனால் காலையில் நீ பள்ளிக்கூடம் கிளம்பும்போது நான் கேட்டைத் திறந்துவிட்டு நிற்கும் அந்த ஐந்து நிமிஷமும் போய்விடும். சின்னக் காரணம்தான். வேறு பெரிய காரணம் இருந்ததாக இப்போது ஜோடிக்க எனக்கு மனம் வரவில்லை.

எனவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். இரவில் வண்டிக்குக் கீழே ஓர் அட்டை. காலையில் நீங்கள் எழுவதற்கு முன் அதை எடுத்துக் கறையைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதுவேன். மருந்து ஏற்றும் ஊசிக்குழாயால் அளந்து, குறைந்த எண்ணெயைத் தொட்டியில் விடுவேன். ஒரு நாளைக்கு நாற்பது மில்லி, சில நாள் நாற்பத்தைந்து. நீ சாவியோடு இறங்கி வரும்போது தரை துடைத்திருக்கும். தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் தர ஆய்வாளனாக இருந்தேன் அல்லவா, அங்கே மூன்று சீட்டு உண்டு. சரியான பாகத்துக்குப் பச்சை, தவறானதற்குச் சிவப்பு, பிறகு பார்க்கலாம் என்பதற்கு மஞ்சள். நான் அதிகம் கட்டியது மஞ்சள்தான். “மஞ்சள் சீட்டு வர்றாருப்பா, டீ குடிச்சிட்டு வரலாம்” என்பார்கள் பின்னால். எனக்குக் கேட்கும். அளந்துகொண்டே இருந்தால் ஏதோ செய்துகொண்டிருப்பதாக எனக்கு ஒரு நம்பிக்கை. அட்டைகளுக்கு எண் போட்டு அடுக்கி வைத்தேன். ஒழுகும் குழாயை மாற்றவில்லை.

நீ நான்காம் வகுப்பு படித்தபோது போர்டு தெரியவில்லை என்றாய், நினைவிருக்கிறதா? கவனித்து உட்கார் என்று சொல்லிவிட்டு, மாதக் காலண்டரைச் சுவரில் மாட்டி, ஆறடியில், எட்டடியில், பத்தடியில் உன்னை நிற்கவைத்து, தினமும் ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம். காலண்டரின் எண்கள் உனக்கு மனப்பாடமாகிவிட்டன, அதனால் தாளில் எல்லாம் சரியாக வந்தது. கடைசியில் உன் அம்மா என்னைக் கேட்காமல் உன்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடியோடு வந்து நின்ற நீ, வேப்ப மரத்தைப் பார்த்து, “தனித்தனியா இலை இருக்கு” என்றாய். அன்றைக்கே நான் திருந்தியிருக்க வேண்டும்.

இப்போது ஒரு நிமிஷம் எழுந்துபோய் வண்டிக்குக் கீழே பார்த்துவிட்டு வந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போன வருஷம் மழை தொடங்கிய சமயத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்திருந்தேன். அந்த நான்கு நாளும் எண்ணெய் விடவில்லை. அட்டையையும் மாற்றவில்லை. ஐந்தாம் நாள் சனிக்கிழமை, “டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்பா” என்று நீ கூப்பிட்டபோது, தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நீ வண்டியில் உட்கார்ந்துவிட்டாய். உன் முன்னால் பானட்டைத் திறந்தால் கேள்வி வரும். போகட்டும், கிட்டத்தில்தானே என்று ஏறிவிட்டேன். திரும்பி வரும்போது ஈஜிபுரா மெயின் ரோட்டிலிருந்து நம் தெருவுக்குள் இடது பக்கம் திருப்பினாய். பம்ப் ஒரு முறை முனகியது. “அப்பா, ஸ்டியரிங் திரும்ப மாட்டேங்குது!” என்றாய். அந்த வார்த்தைகள் அப்படியே என் காதில் இருக்கின்றன. வண்டி திரும்பாமல் அகலமாகப் போய், வலது ஓரத்தில் இஸ்திரி வண்டியோடு நின்றிருந்த முனியப்பனை நோக்கிப் போனது. பிரேக் போட்டாய். வண்டியின் வலது முனை இஸ்திரி வண்டியின் சக்கரத்தில் இடித்தது. முனியப்பன் பின்னால் விழுந்தான், மணிக்கட்டு உடைந்தது. கரி கொட்டி யாருடையதோ வெள்ளைச் சட்டைகள் புகைந்தன.

கூட்டம் கூடியது. “லேடீஸ் ஓட்டினா இதான்பா” என்றான் ஒருவன். “லைசென்ஸ் எவன் குடுத்தான்?” என்றான் இன்னொருவன். நீ என்னைப் பார்த்தாய். ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாய். நானும் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “பார்த்துத் திருப்பக் கூடாதா ரீட்டா? பயத்துல கையை இறுக்கிப் பிடிச்சுட்ட.”

இதற்கு மேலும் ஒன்று செய்தேன். நீயும் மாப்பிள்ளையும் முனியப்பனோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கூட்டம் கலைந்ததும் நான் தொட்டியைத் திறந்தேன். எண்ணெய் வற்றி அடி தெரிந்தது. ஊசிக்குழாயால் அளந்து நூற்றெழுபது மில்லி விட்டு மூடி, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாற்பத்தொன்றாம் அட்டையை எடுத்துக் கோடு போட்டு அளவு எழுதினேன். மறுநாள் காலை மாப்பிள்ளை வண்டியை எடுத்துப் பார்த்தார். “ஒரே விரல்ல திரும்புது பாரு ரீட்டா. வெண்ணெய் மாதிரி” என்றார். அவர்மேல் குற்றமில்லை. கண்ணெதிரே திரும்பியதைத்தான் சொன்னார். நான் காபித் தம்ளரோடு படிக்கட்டில் நின்றேன். நீ உன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ சாவியைத் தொடவில்லை.

பிறகு நீங்கள் பெல்லந்தூருக்குப் போனீர்கள். விருந்து வேளைகளில் மாப்பிள்ளை, “எங்க வீட்டு ரேஸ் டிரைவர் எப்படி ஓட்டுவா தெரியுமா?” என்று கேலி செய்வார், எல்லோரும் சிரிப்பார்கள், நீயும் சிரிப்பாய். நான் ஒவ்வொரு முறையும் சோற்றில் ரசத்தைக் கூடுதலாக ஊற்றிக்கொள்வேன். வண்டியை ஞாயிறு பூசைக்கு மட்டும் எடுத்துப் போனேன், எண்ணெய் விட்டேன், அட்டை போட்டேன். கோவிலில் பாவ சங்கீர்த்தனத்துக்குப் போனபோதுகூட, “பொய் சொன்னேன்” என்று பொதுவாகச் சொன்னேனே தவிர, யாரிடம், என்ன என்று சொல்லவில்லை. சாமியாரும் கேட்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் நீ போனில் பேசியதை உன் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் போட்டிருந்தது. நீ வைத்த பிறகு பரண்மேலிருந்து அந்த அட்டைக் கட்டை இறக்கி என் முன்னால் வைத்தாள். நான் இவ்வளவு நாள் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏங்க, நாப்பத்தொண்ணுல மட்டும் கறை ஏன் இவ்ளோ பெரிசா இருக்கு?” என்றாள்.

நான் அட்டைகளை மறுபடி அடுக்கத் தொடங்கினேன்.

“தேதியப் பாத்தேன். அவ பதில் சொல்றதுக்குள்ள நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

அப்போதும் நான் உடனே சொல்லவில்லை, ரீட்டாம்மா. ஒருவேளை அன்று உன் கையும்தான் தவறியதோ, எண்ணெய் மட்டும்தான் காரணம் என்று எப்படித் தெரியும் என எனக்குள் வக்கீல் வேலை. சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும். நம் தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் நயாஸிடம் போய் முழுக்கதையும் சொன்னேன். வெளி ஆள் என்பதால் சுலபமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தவுடன், தெருவில் ஆள் வருவதற்கு முன், தொட்டியிலிருந்து நூற்றெழுபது மில்லியை உறிஞ்சி எடுத்தோம். “ஒரு வாட்டிதான் சார். ரெண்டாவது வாட்டி பண்ணா பம்ப் பூடும்” என்றான். நான் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மெயின் ரோட்டிலிருந்து, நடக்கிற வேகத்தில், அதே திருப்பம். பம்ப் அதே மாதிரி முனகியது. ஸ்டியரிங் சுவரில் பதித்த கம்பி மாதிரி நின்றுவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தேன், தோள் வலித்தது, வண்டி நேராகவே போனது. பிரேக்கை மிதித்தேன். நயாஸ் எட்டி ஒரு கையால் திருப்பிப் பார்த்தான், முடியவில்லை.

“சார், அன்னிக்கி இதவிட வேகமாத்தானே வந்தீங்க?”

“ஆமா.”

“இத வச்சிக்கினு உங்க பொண்ணு அவ்ளோ திருப்பிச்சே, அதே பெரிசு சார். நானா இருந்தா நேரா ஏத்தியிருப்பேன்.”

வண்டியை அங்கேயே ஓரமாக விட்டுவிட்டு முனியப்பன் வீட்டுக்கு நடந்தேன். அவன் வாசலில் கரி உடைத்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டு சேர்ந்துவிட்டது, ஆனால் இன்னும் இடது கையால்தான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்குகிறான். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கரியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

“அப்ப எதுக்கு சார் அந்தப் பொண்ண அத்தினி பேரு முன்னால திட்டுனீங்க?”

“தப்புதான் முனியப்பா.”

“வண்டி என் நெஞ்சுக்கு நேரா வந்துச்சு சார். ரீட்டாம்மா அப்டியே ஒடம்ப சாச்சு, பல்லக் கடிச்சினு இழுத்துச்சு. நான் பாத்தேன். கைதானே போச்சுன்னு நெனச்சுக்கினேன். இத நான் அன்னிக்கே சொன்னேன், எவன் கேட்டான்?”

அவன் மனைவி உள்ளேயிருந்து, “காபி குடிக்கிறாரா கேளு” என்றாள். வாங்கிக் குடித்தேன்.

அதன் பிறகுதான் பழுது பார்த்தது. இதில்கூட என் தவறு ஒன்று வெளியே வந்தது. சொட்டு, எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவரும் கீழ்க்குழாயின் கிளிப்பிலிருந்து விழுகிறது என்று நான் முதலிலேயே தீர்மானித்து, அந்தக் கிளிப்பை மட்டும் இரண்டு முறை மாற்றியிருந்தேன். நயாஸ் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்துக் காயவிட்டான். “பவுடர் இருக்கா சார், மூஞ்சிக்குப் போடறது?” என்றான். உன் அம்மாவின் டப்பாவை எடுத்துவந்தேன். “வண்டிக்குப் பவுடரா? எனக்கு ஒரு நாள் பூ வாங்கிட்டு வந்ததில்ல” என்றாள் அவள். குழாய் முழுவதும் பவுடரைத் தூவி, எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னான். மேலே, பம்ப்பிலிருந்து வரும் குழாயில், ரப்பரும் இரும்பும் சேரும் இறுக்கத்தில், வெள்ளைப் பவுடரின் நடுவே சிவப்பாக ஒரு கோடு ஊறி இறங்கியது. அழுத்தம் முழுவதும் இருக்கிற குழாய். அங்கே கசிந்தது வழிந்து கீழே வந்து கிளிப்பில் சொட்டியிருக்கிறது. நான் ஒரு வருஷத்துக்கு மேலாகச் சொட்டு விழுந்த இடத்தையே அளந்துகொண்டிருந்தேன்.

அந்த அழுத்தத்துக்குக் கிளிப்போ டேப்போ நிற்காது, இந்த வண்டிக்குப் புதுக் குழாயும் இப்போது வருவதில்லை. பழையதைக் கழற்றி, அதன் இரும்பு முனைகளில் புது ரப்பரை இறுக்கித் தர சிவாஜிநகரில் ஒரு கடை இருக்கிறது என்றான். கழற்றுவதற்கு முன், முனைகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று நான் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொண்டேன். குழாயை நியூஸ் பேப்பரில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பை நெளிந்து நெளிந்து கிடந்தது. கண்டக்டர், “ஏனு சார் இது, ஹாவா?” என்றார் கன்னடத்தில். பாம்பு இல்லை, வண்டிக் குழாய் என்றேன். பக்கத்திலிருந்த அம்மாள் அப்போதும் தள்ளித்தான் உட்கார்ந்தாள். கடைக்காரர் என் கோடுகளைப் பார்த்துவிட்டுச் சரியாக அதே கோணத்தில் இறுக்கித் தந்தார். “தாங்குமா?” என்று கேட்டேன். தாங்கும் என்றார். மறுபடியும் கேட்டேன். மூன்றாம் முறை கேட்டபோது, “சார், உங்க வண்டி போயிடும், இது நிக்கும். கெளம்புங்க” என்றார்.

புதுச் செம்பு வாஷர்களோடு மாட்டி, முன் சக்கரங்களைத் தரையில் படாமல் ஜாக்கியில் தூக்கி, எண்ணெய் விட்டோம். குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற, எஞ்சினைப் போடாமல் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்ப வேண்டும். உன் அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள், வாழ்க்கையில் முதல் முறையாக. இருபது முறை திருப்பினாள். தொட்டியில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. “இன்னும் எத்தினி வாட்டிப்பா?” என்று நயாஸைக் கேட்டாள். “கொமிளி நிக்கிற வரைக்கும்மா” என்றான். நின்றது. எஞ்சினைப் போட்டு மறுபடி பவுடர் தூவினோம். வெள்ளையாகவே இருந்தது.

அது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. தினமும் அட்டை போடுகிறேன், தினமும் சுத்தமாக இருக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை போய்க் குனிந்து பார்க்கிறேன். நேற்று இங்கிருந்து பெல்லந்தூர் போய், சர்ஜாபுரா வழியாக அத்திபெலே வரைக்கும் ஓட்டினேன். பின்னால் வந்த லாரிக்காரர்கள் எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள். பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே நிறுத்தி பானட்டைத் திறந்து பார்த்தேன், அளவு குறையவில்லை. காவலாளி, “அட்மிஷனா சார்?” என்றார். என் மகள் இங்கே தலைமை ஆசிரியையாக வரலாம் என்றேன். வரலாம் என்றுதான் சொன்னேன்.

நீ வண்டியை எடுத்தால் சிலவற்றை மட்டும் கவனித்துக்கொள். வாரம் ஒரு முறை தொட்டியின் அளவைப் பார். கோடி வரை திருப்பிவிட்டு அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்காதே. முனகல் கேட்டால், கையில் கனம் தெரிந்தால், வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டி நிறுத்து. பக்கத்தில் இருப்பவர் என்ன சொன்னாலும் நிறுத்து. உன் கை சொல்வதை நம்பு.

இதையெல்லாம் மாப்பிள்ளைக்கும் தனியாக ஒரு கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன், அதுவும் உன் அம்மாவிடம்தான் இருக்கிறது. அவர் எல்லோர் முன்னாலும் கேலி செய்தது என் பொய்யை நம்பித்தான். அதனால் எல்லோர் முன்னாலும் நானே சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே சாப்பாட்டுக்கு வரும்போது. குரல் நடுங்கினால் கடிதத்தைப் பார்த்துப் படிப்பேன். அந்த வேலையை வேண்டாம் என்று எழுத உனக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். எழுது. என் காரணத்தால் மட்டும் எழுதாதே. என்னை மன்னிப்பதும் திங்கட்கிழமைக்குள் முடிய வேண்டிய வேலை இல்லை.

உன் அம்மா செருப்பு போட்டுவிட்டாள். சாவியையும் அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டபின் நீ வண்டியை எடுத்துப் பார்க்க வேண்டும், அதே தெரு, அதே திருப்பம். நான் வர வேண்டாம் என்றால் கேட்டைத் திறந்துவிட்டு நிற்கிறேன். வரலாம் என்றால் இடது சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். திரும்ப மாட்டேங்குது என்று நீ சொன்னால், நான் இறங்கி பானட்டைத் திறப்பேன்.

அப்பா